சிங்கப்பூரில் சிறப்புக் கல்வி முதுகலை: விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதல் தடவை எனக்கு இடம் கிடைக்கவில்லை. மதிப்பெண் குறைவு என்பதால் இல்லை. மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர். பரிந்துரை எழுத வேண்டிய பேராசிரியருக்குப் போன மின்னஞ்சல் அவர் கண்ணிலேயே படவில்லை. அனுபவக் கடிதத்தில் தேதி இல்லை. இறுதி நாள் வந்தபோது என் விண்ணப்பம் பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது. அந்த ஓராண்டு வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் திருச்சியில் பட்டம் படித்துவிட்டு, திருமணமாகிச் சிங்கப்பூர் வந்தவள். சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்றில் துணை ஆசிரியராகச் சேர்ந்து, பட்டயம் முடித்து, ஆசிரியராகி, பிறகுதான் முதுகலைக்குப் போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆவணப் பகுதியில் பாதி தேவைப்படாது, தாண்டிப் படியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

1. முதலில் வேலையை முடிவு செய்யுங்கள், பிறகு பட்டத்தை

என்னிடம் வழி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். "எம்.எட். முடித்தால் சிறப்புப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்துவிடும்தானே அக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை. சிங்கப்பூரில் முதுகலை என்பது வேலைக்குள் நுழையும் வாசல் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் ஆழமாகப் போவதற்கான படிப்பு அது.

சிறப்புக் கல்விப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்றால் முதலில் ஒரு பள்ளி உங்களை வேலைக்கு எடுக்க வேண்டும். இந்தப் பள்ளிகளைச் சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன, கல்வி அமைச்சு நிதி தருகிறது. மைண்ட்ஸ், ஏபிஎஸ்என், ரெயின்போ சென்டர், ஆவ்வா, பாத்லைட், ஈடன், மெத்தா என்று பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலையில் சேர்ந்தபின் தேசியக் கல்விக் கழகத்தில் ஓராண்டு முழுநேரச் சிறப்புக் கல்விப் பட்டயத்துக்கு அனுப்புவார்கள். எல்லோரும் 'டைஸ்' என்று சொல்வது அதைத்தான். ஆசிரியருக்கான அடிப்படைப் பயிற்சி அதுதான். முதுகலை அதற்கு மாற்று ஆகாது.

வழக்கமான அரசுப் பள்ளியில் பாடம் நடத்த விரும்பினால் கல்வி அமைச்சின் ஆசிரியர் தேர்வு வழியாகப் போக வேண்டும். அதே பள்ளிகளில் டிஸ்லெக்சியா, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் சிறப்புத் தேவை அதிகாரி வேலையும் உண்டு. இங்கே சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். ஆகவே சிறப்புக் கல்வி என்றாலே தனிப் பள்ளி என்று நினைத்து உங்கள் தேடலைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள்.

பேச்சுச் சிகிச்சையாளர் (ஸ்பீச் தெரப்பிஸ்ட்) அல்லது தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட்) ஆக வேண்டுமா? அதற்கு எம்.எட். உதவாது. அவை தனிப் பட்டங்கள், சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டிய தொழில்கள். கல்வி உளவியலாளராக வேண்டுமானால் தேசியக் கல்விக் கழகத்திலேயே இருக்கும் பயன்பாட்டு உளவியல் முதுகலையைப் பாருங்கள். பெயரில் 'சிறப்புக் கல்வி' இருக்கிறது என்று எம்.எட்.டில் சேர்ந்துவிட்டு, பிள்ளைகளுக்கு உளவியல் மதிப்பீடு செய்ய முடியாது என்று இரண்டாம் ஆண்டில் தெரிந்து கலங்கிய ஒரு தோழியை நான் அறிவேன்.

இன்னொன்று. சில ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இல்லாமல் அங்கே சிறப்பாசிரியராக வேலை செய்ய முடியாது. சிங்கப்பூர்ப் பட்டம் இருந்தால் அந்தப் பதிவு தானாக வந்துவிடாது. ஏற்கெனவே அந்தப் பதிவோடு பி.எட். சிறப்புக் கல்வி முடித்தவர்கள் பதிவைக் காலாவதியாக விட்டுவிடாமல் புதுப்பித்து வையுங்கள்.

2. வகுப்பறைக்குள் போய்விடுங்கள்

தேசியக் கல்விக் கழகத்தின் எம்.எட்.டுக்குப் பட்டத்தோடு கல்வித் துறை அனுபவமும் எதிர்பார்க்கிறார்கள். விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வகுப்பில் பேராசிரியர் "உங்கள் மாணவர்களில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் விவாதத்தைத் தொடங்குவார். நினைத்துக்கொள்ள ஒரு பிள்ளை இல்லையென்றால் மூன்று மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நுழைய மூன்று வழிகள் எனக்குத் தெரிந்து நடப்பவை. சிறப்புக் கல்விப் பள்ளிகளில் துணை ஆசிரியர் வேலை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான 'எப்பிக்' எனப்படும் ஆரம்பகால உதவித் திட்ட நிலையங்களில் வேலை. இரண்டும் அமையாதவர்களுக்குத் தொண்டூழியம். தொண்டூழியம் செய்தால் வாரம் ஒரே நாள், ஒரே நேரம் என்று ஒப்புக்கொண்டு குறைந்தது ஆறு மாதம் விடாமல் போங்கள். விழா நாளில் மட்டும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதை எந்தப் பள்ளியும் அனுபவம் என்று எழுதித் தராது. வீட்டில் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவமும், அதற்குச் சான்று தர ஒரு நிறுவனம் இல்லாவிட்டால், விண்ணப்பத்தில் எடுபடாது.

கணவரின் அல்லது மனைவியின் வேலை அனுமதியைச் சார்ந்து, டிபி எனப்படும் சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2021 மே 1 முதல், டிபியில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமென்றால் அவர் பெயரிலேயே வேலை அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு முன்பு இருந்த ஒப்புதல் கடித முறையை நம்பி இன்னமும் பழைய கதையைச் சொல்கிறவர்கள் உண்டு. நேர்காணலுக்குப் போகும் முன்பே பள்ளியிடம் உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள்.

3. எங்கே படிப்பது

உள்ளூர்ப் பட்டம் என்றால் தேசியக் கல்விக் கழகம். அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

மற்றொரு வழி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை இங்கே தனியார் கல்வி நிலையங்கள் வழியாகவோ இணையம் வழியாகவோ படிப்பது. அதில் நல்லவையும் உண்டு. ஆனால் பணம் கட்டும் முன் மூன்றைப் பாருங்கள். அந்த நிலையம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பிடம் பதிவு பெற்றதா? தனியார் கல்வி நிலையங்களின் தரத்துக்குத் தரப்படும் எடுடிரஸ்ட் சான்றிதழ் இருக்கிறதா, அது எந்த நாள் வரை செல்லும்? முழுமையான எடுடிரஸ்ட் நான்கு ஆண்டுக்கு, தற்காலிகமானது ஓராண்டுக்குத்தான். மூன்றாவது, நீங்கள் கட்டும் பணத்துக்குக் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் உண்டா? ஒப்பந்தத்தில் ஏழு வேலைநாள் மறுபரிசீலனைக் காலம் இருக்கும். அந்த ஏழு நாளுக்குள் மனம் மாறினால் வெளியேறலாம். விற்பனைக்காரர் "சலுகை இன்றோடு முடிகிறது" என்று அவசரப்படுத்தினால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள்.

பதிவு பெற்ற நிலையம் என்பதும் பட்டத்துக்கு மதிப்பு உண்டு என்பதும் வெவ்வேறு. வெளிநாட்டுப் பட்டங்களை ஒட்டுமொத்தமாக அங்கீகரித்துப் பட்டியல் போடும் அமைப்பு சிங்கப்பூரில் இல்லை. வேலை தருபவர்தான் முடிவு செய்கிறார். ஆகவே நீங்கள் வேலை செய்யும் அல்லது செய்ய விரும்பும் பள்ளியின் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, "இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா, பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுப்பீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

4. ஆவணங்கள்: எனக்கு ஓராண்டைத் தின்ற பகுதி

விண்ணப்பம் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்றே ஒரு கோப்பு தொடங்குங்கள்.

பட்டச் சான்றிதழ். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாதவர்கள் பலரிடம் தற்காலிகச் சான்றிதழ்தான் இருக்கும். பத்தாண்டு கழித்தும் அதையே வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் கேள்வி வரும். பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி அசலை வாங்கிவிடுங்கள்.

மதிப்பெண் பட்டியல். எல்லாப் பருவத்துக்கும் வேண்டும். அரியர் வைத்து எழுதியவர்கள் அந்த மறுதேர்வுப் பட்டியல்களையும் சேர்த்து வையுங்கள். ஒரு பாடத்தின் இடம் வெறுமையாக இருந்தால் தோற்றுவிட்டதாகத்தான் படிப்பவருக்குத் தோன்றும். ஒருங்கிணைந்த பட்டியல் தருவார்கள் என்றால் அதையும் வாங்குங்கள்.

முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட். அதாவது, படித்த இடத்திலிருந்தே உறையில் மூடி முத்திரையிட்டுத் தரும் மொத்த மதிப்பெண் விவரம். இங்கே நான் அலைந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் படித்தது தன்னாட்சிக் கல்லூரி. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். என் தம்பி பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றான். தேர்வு நடத்தியது கல்லூரி, அங்கே போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில், முன்னாள் மாணவி நேரில் வர வேண்டும், இல்லையென்றால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் கடவுச்சீட்டு நகலும் வேண்டும் என்றார்கள். அதை நான் இங்கிருந்து அனுப்பி, அவன் மறுபடி போய், கைக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. நீங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கே நேரே போங்கள். மற்றவர்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்கு. அதிகாரக் கடிதத்தை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். குறைந்தது நான்கு உறை வாங்குங்கள். ஒருமுறை பிரித்த உறை மறுபடி செல்லாது.

பயிற்று மொழிச் சான்று. ஆங்கில வழியில் படித்தோம் என்று கல்லூரித் தாளில் முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம். மதிப்பெண் பட்டியலில் 'ஆங்கில வழி' என்று அச்சிட்டிருந்தாலும் இதைத் தனியாக வாங்குங்கள். டிரான்ஸ்கிரிப்ட் வாங்கப் போகும் அதே நாளில் இதையும் கேட்டால் இரண்டாவது நடை மிச்சம்.

இனி பெயர். நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் இது, சிங்கப்பூர் அலுவலர்களுக்கு எளிதில் புரியாது. மதிப்பெண் பட்டியலில் 'மலர்விழி ச'. கடவுச்சீட்டில் 'மலர்விழி சண்முகம்'. திருமணத்துக்குப் பின் எடுத்த கடவுச்சீட்டில் 'மலர்விழி குமரன்'. அடையாள அட்டையில் இரண்டும் இடம் மாறியிருக்கும். நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே பெண். விண்ணப்பம் பார்ப்பவருக்கு மூன்று பேர். இதற்குச் செய்ய வேண்டியது: விண்ணப்பப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்து பிசகாமல் பெயரை எழுதுங்கள். சான்றிதழில் உள்ள ச என்ற தலைப்பெழுத்து தந்தை பெயர் என்பதையும், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதையும் விளக்கி ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்யுங்கள். சிங்கப்பூரில் உறுதிமொழி ஆணையர் முன்னிலையில் கையெழுத்திடலாம். திருமணச் சான்றிதழ் நகலையும் சேருங்கள். உங்களுக்கு எந்த வடிவம் போதும் என்று சேர்க்கை அலுவலகத்திடம் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று தேவைப்பட்டால், அதற்கான முன்பதிவுக்கும் நாள் ஒதுக்குங்கள்.

அனுபவக் கடிதம். "இவர் எங்களிடம் நன்றாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியால் பயனில்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா, எந்த வயதுப் பிள்ளைகள், என்ன தேவைகள், நீங்கள் செய்த வேலை என்ன, இவ்வளவும் இருக்க வேண்டும். நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுங்கள். நிறுவனத்தார் திருத்திக் கையெழுத்திடுவார்கள். வேலையை விட்டு விலகும் நாளிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். மேலாளர் மாறிய பிறகு கேட்டால் பதிலே வராது.

ஆங்கிலம் அல்லாத எந்த ஆவணமும் சான்றளித்த மொழிபெயர்ப்போடு போக வேண்டும். வீட்டில் நாமே மொழிபெயர்த்தது ஏற்கப்படாது.

5. பரிந்துரை எழுதுபவர்களும் நோக்க அறிக்கையும்

பரிந்துரைக்கு இருவரைக் கேட்கும்போது, ஊரில் நமக்குப் பாடம் நடத்திய துறைத் தலைவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். அவர் நம்மைப் பார்த்துப் பத்தாண்டு ஆகியிருக்கும். விண்ணப்ப அமைப்பு அவருக்குத் தானாக ஒரு இணைப்பை அனுப்பும். அது வேண்டாத அஞ்சல் பெட்டியில் போய் விழும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

தற்போதைய பள்ளித் தலைவர் அல்லது நேரடி மேலாளர் ஒருவர், உங்கள் வகுப்பைக் கண்ணால் பார்த்த மூத்த ஆசிரியர் அல்லது பட்டய விரிவுரையாளர் ஒருவர், இந்த இருவர் போதும். அலுவலக மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். இணைப்பு போனதும் "ஐயா, வந்துவிட்டதா?" என்று குறுஞ்செய்தி அனுப்புங்கள். இறுதி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு மறுபடி நினைவூட்டுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மறந்துபோவது அவர்களுக்கும் இயல்பு.

நோக்க அறிக்கையில் சேவை மனப்பான்மை, இறைவன் கொடுத்த வாய்ப்பு, சிறு வயதுக் கனவு என்று எழுதாதீர்கள். உண்மையாகவே அப்படி உணர்ந்தாலும் அது உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டாது. ஒரு பிள்ளையின் ஒரு சிக்கலை எழுதுங்கள், பெயர் சொல்லாமல். நான் இரண்டாவது முறை எழுதியது இதுதான்: பேச்சு வராத ஏழு வயதுப் பையன், படஅட்டை கொடுத்து வேண்டியதைக் கேட்கப் பள்ளியில் பழகியிருந்தான். வீட்டில் அந்த அட்டையைத் தொடவே மாட்டான். பள்ளியில் எல்லாம் ஆங்கிலம், வீட்டில் பாட்டியோடு எல்லாம் தமிழ். இந்த இடைவெளியைப் பற்றி எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எந்தப் பாடத்தில் அதைக் கற்க நினைக்கிறேன் என்று ஒரு பக்கம். நேர்காணலில் கேள்வி முழுக்க அதைச் சுற்றித்தான் வந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் தமிழ் பேசாதீர்கள், ஒரே மொழி போதும் என்று நம் பெற்றோருக்கு இன்னமும் அறிவுரை கிடைக்கிறது. இரண்டு மொழி கேட்பதால் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மேலும் தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. தமிழ் தெரிந்த சிறப்பாசிரியர்கள் கூடுதலாக வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

6. ஆங்கிலத் தேர்வு

ஆங்கில வழியில் பட்டம் படிக்காதவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் தேவைப்படும். மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். நிரந்தரவாசத்துக்காக, வேறு நாட்டு விசாவுக்காக என்று முன்பு எழுதியது காலாவதியாகியிருக்கலாம், தேதியைப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் கல்விப் பிரிவு, பொதுப் பிரிவு என இரண்டு உண்டு. உங்களுக்கு வேண்டியது கல்விப் பிரிவு. தவறான பிரிவை எழுதிவிட்டு மறுபடி பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. பணம்

கட்டணம் குடிமக்கள், நிரந்தரவாசிகள், வெளிநாட்டவர் என்று வேறுபடும். கழகத்தின் தளத்தில் உங்கள் சேர்க்கை ஆண்டுக்குரிய அட்டவணையை மட்டும் பாருங்கள். நண்பர் சொன்ன சென்ற ஆண்டுக் கணக்கை வைத்துத் திட்டமிடாதீர்கள். அட்டவணையில் காணும் தொகை பொருள் சேவை வரி சேர்ந்ததா, சேராததா என்று அடிக்குறிப்பில் இருக்கும். 2024 முதல் வரி 9 விழுக்காடு. சேராத தொகை என்றால் ஒவ்வொரு 10,000 வெள்ளிக்கும் 900 வெள்ளி கூடும். அதற்கு மேல் விண்ணப்பக் கட்டணம், அது திரும்ப வராது. பல்வகைக் கட்டணம் பருவம்தோறும் வரும்.

அரசு மானியம் பெறும் இடம் என்றால் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். முன்பே மானியத்தில் ஒரு முதுகலை முடித்தவர்களுக்கு இரண்டாவது முதுகலைக்குப் பொதுவாக மானியம் கிடைக்காது. எந்தப் பட்டத்தை மானியத்தில் படிப்பது என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

எதை நம்பக் கூடாது என்பதைச் சொல்கிறேன். மத்திய சேம நிதியிலிருந்து கல்விக்கு எடுக்கும் திட்டம் முதுகலைக்கு இல்லை. திறன் வளர்க்க அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024இல் கிடைத்த 4,000 வெள்ளி உட்பட, எல்லாப் படிப்புக்கும் செல்லாது. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடி, இருந்தால்தான் உண்டு. படிப்புக் கட்டணத்துக்கு வருமான வரியில் விலக்கு கிடைக்கும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அந்த விலக்கு 2026 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

எதைத் தேடலாம்? சிறப்புக் கல்விப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சின் முதுகலை உதவித்தொகை இருக்கிறது. பள்ளியை நடத்தும் அமைப்பே செலவை ஏற்பதும் உண்டு. இரண்டுக்கும் பள்ளித் தலைவரின் ஆதரவு வேண்டும், ஆகவே விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே பேசுங்கள். பணம் கொடுப்பவர்கள், குறிப்பிட்ட காலம் அங்கேயே வேலை செய்வேன் என்ற பிணைப்பு ஒப்பந்தம் கேட்பார்கள். அதில் மூன்று வரியை விரல் வைத்துப் படியுங்கள்: பிணைப்பு எந்த நாளில் தொடங்குகிறது, படிப்பில் சேர்ந்த நாளிலா முடித்த நாளிலா, இடையில் விலகினால் முழுத் தொகையா மீதிக் காலத்துக்கு மட்டுமா, வட்டி உண்டா. என்னுடன் படித்த ஒருவர் கணவருக்கு வெளிநாட்டு மாற்றல் வந்து விலக நேர்ந்தது. பிணைப்பு, பட்டம் பெற்ற நாளில்தான் தொடங்குகிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை வேலை பார்த்த இரண்டு ஆண்டும் கணக்கில் வரவில்லை.

8. வெளிநாட்டவர்க்கு: அனுமதி அட்டை

மாணவர் அட்டை முழுநேரப் படிப்புக்குத்தான். மாலை வகுப்பில் சேர்ந்து அதைக் காட்டிச் சிங்கப்பூரில் தங்கலாம் என்று முகவர்கள் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடம் கிடைத்தபின் சோலார் என்ற இணைய அமைப்பு வழியாகக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். கல்வி நிலையமே முதலில் உங்கள் பெயரைப் பதிவு செய்யும். மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள நிலையங்களில் முழுநேரமாகப் படிக்கும் மாணவர் அட்டைக்காரர்கள் பருவ நாட்களில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பெரும்பாலான தனியார் நிலையங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வேலை செய்து கட்டணம் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்துவிடாதீர்கள்.

டிபியில் இருப்பவர்கள் படிக்கத் தனியாக மாணவர் அட்டை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் துணைவரின் வேலை அனுமதி முடிந்தால் டிபியும் முடியும். அது எந்த மாதம் என்று பார்த்து, படிப்பின் நடுவில் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் பேசி வையுங்கள்.

9. காலக்கணக்கு

ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்குகிறது என்றால் விண்ணப்பம் முந்திய ஆண்டின் இறுதியிலேயே திறந்துவிடும். ஆகவே, சேர நினைக்கும் ஆகஸ்ட்டுக்கு முந்திய ஆகஸ்ட்டில் வேலையைத் தொடங்குங்கள். முதல் இரண்டு மாதம் ஊர் ஆவணங்களுக்கு. அடுத்து ஆங்கிலத் தேர்வும் பெயர் உறுதிமொழியும். அக்டோபருக்குள் பரிந்துரையாளர்களின் சம்மதம். நவம்பரில் நோக்க அறிக்கையின் மூன்றாவது வரைவாவது கையில் இருக்க வேண்டும். ஊர்க் கல்லூரிகள் பொங்கல் விடுமுறையிலும் தேர்வுக் காலத்திலும் சான்றிதழ் வேலையைத் தள்ளிப்போடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பகுதிநேரமாகப் படித்தால் குறைந்தது இரண்டு ஆண்டு. நான் பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்தேன், வாரம் இரண்டு மாலை போயிற்று. ஒரு பருவம் என்பது 13 வாரப் பாடமும் நடுவில் ஒரு வார இடைவெளியும். முதல் பருவத்தின் கட்டுரைகள் அக்டோபர், நவம்பரில் குவியும். அதே வாரங்களில்தான் பள்ளியில் ஆண்டிறுதித் தனிநபர் கல்வித் திட்ட அறிக்கைகள். தீபாவளியும் அப்போதுதான். பலகாரம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அறிக்கைகளை மட்டும் செப்டம்பர் பள்ளி விடுமுறையிலேயே பாதி முடித்துவிடுங்கள்.

தூரத்தையும் கேளுங்கள். கழகம் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பூன் லே பேருந்து முனையத்திலிருந்து 179 அல்லது 199. செங்காங், பொங்கோல் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ரயிலும் பேருந்துமாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலை வகுப்பு நாட்களில் பள்ளியிலிருந்து சீக்கிரம் புறப்பட அனுமதி வேண்டும். அதை எழுத்தில் பெறுங்கள். என் பள்ளியில் பேருந்துக் கண்காணிப்பு முறையை என் தோழி எனக்காக மாற்றி எடுத்துக்கொண்டாள். அது இல்லாமல் முதல் பருவத்தையே நான் தாண்டியிருக்க மாட்டேன்.

10. ஆய்வுத் திட்டம் எடுப்பவர்களுக்கு

பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்வதானால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு அனுமதி தரும்வரை ஒரு தகவலும் சேகரிக்கக் கூடாது. நம் வகுப்புப் பிள்ளைகள்தானே என்று காணொளி எடுத்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்டால், எடுத்தது முழுக்க வீணாகும். நெறிப் பயிற்சியை இணையத்தில் முடித்து, சான்றிதழைச் சேர்த்து, பள்ளியின் ஒப்புதல் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். திருத்தம் கேட்டு ஒருமுறையாவது திரும்பி வரும். முடிவு வரப் பல வாரம் ஆகும். தரவு சேகரிக்க நினைக்கும் பருவத்துக்கு முந்திய பருவத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர் சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது. கையெழுத்துப் போடுவது பெற்றோர்தான் என்றாலும், பல வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டிதான். அவர் முகம் சுளித்தால் சம்மதம் வராது. என் படிவத்தைத் தமிழில் எளிமையாக எழுதினேன். சீன, மலாய் வடிவங்களுக்குச் சக ஆசிரியர்கள் உதவினார்கள். மொழிபெயர்ப்புகளையும் அதே விண்ணப்பத்தோடு நெறிக் குழுவிடம் கொடுங்கள். பிறகு சேர்த்தால் மறுபடி ஒப்புதலுக்குக் காத்திருக்க நேரும். பிள்ளையின் விருப்பத்தையும் அவனுக்குப் புரியும் வகையில், படஅட்டை வைத்தாவது கேளுங்கள். 'வேண்டாம்' அட்டையை எடுத்துக் கொடுத்தால் அன்று அவனைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுங்கள், அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும்.